பலாலி ஓடுபாதை சொல்லும் கதை

உங்களிடம் தேசப்படப் புத்தகம் ஒன்று இருக்குமானால், தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து காணப்படும் பக்கத்தைத் திறந்து கொள்ளுங்கள். ஓர் அளவுகோலும் பென்சிலும் கையில் இருக்கட்டும். இலங்கைத் தீவின் வடமுனையில் காங்கேசன்துறை என்ற ஊரைப் பார்க்கலாம். அதற்குச் சற்றுக் கிழக்கே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் பலாலி. யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர். அங்கே ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது.

அந்தப் புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் வரைவோம். முதற்கோடு திருச்சிக்கு. அதன் நீளம் சுமார் 185 கி.மீ. இரண்டாவது, கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்திற்கு. அது சுமார் 330 கி.மீ. மூன்றாவது சென்னைக்கு. அது சுமார் 355 கி.மீ. ஆக, பலாலிக்குக் கொழும்பைவிடத் திருச்சி மிக அருகில் இருக்கிறது. கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன.

இந்த எண்கள் என்றும் மாறாதவை. ஆனால் பயணி ஒருவர் கடக்க வேண்டிய தூரம் அப்படி மாறாமல் இருந்ததா? 2010ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு வர விரும்பினார் என்று வைத்துக் கொள்வோம். அவர் முதலில் தெற்கு நோக்கிச் சாலை வழியாகச் சுமார் 400 கி.மீ. சென்று கொழும்பை அடைய வேண்டும். பின்னர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் ஏறி, வந்த திசையிலேயே வடக்கே திரும்பி, 645 கி.மீ. பறக்க வேண்டும். 355 கி.மீ. பயணத்திற்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் அலைச்சல்! இத்தனைக்கும் பலாலியில் ஓடுபாதை அப்போதும் இருந்தது.

ஒரே ஓடுபாதை, ஒரே கடல், ஒரே வானம். சில காலங்களில் அண்டை ஊர் அண்டை ஊராகவே இருந்தது. சில காலங்களில் அது மூன்று மடங்கு தொலைவுக்குப் போய்விட்டது. ஏன் இப்படி? இதற்கு விடை காண, பலாலிக்கு வந்துபோன விமானங்களின் கதையை நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

போர் தந்த ஓடுபாதை

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்த சமவெளி. மலை இல்லை; பெரிய ஆறும் இல்லை. மழைநீர் பாறையின் துளைகள் வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. உழவர்கள் கிணறு வெட்டி அதை இறைத்துப் பயிர் செய்கிறார்கள். காங்கேசன்துறையில் 1950இல் சிமெண்டுத் தொழிற்சாலை ஏற்பட்டதும் இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். பாறைக்கு மேலே வலிகாமம் பகுதியில் வளமான செம்மண் படிந்திருக்கிறது.

இத்தகைய நிலம் உழவனுக்கு மட்டுமன்றி விமானிக்கும் உகந்தது. விமானம் இறங்கிவரும் வழியில் குன்று எதுவும் குறுக்கிடாது. நிலத்தை மட்டம் செய்யும் வேலையும் குறைவு. அடியில் கெட்டியான பாறை இருப்பதால் ஓடுபாதை உறுதியாக நிற்கும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஒரு விமானத் தளத்தை அமைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். வங்கக் கடலையும் இந்துமாக் கடலையும் காவல் காக்க அன்று இலங்கைத் தீவு மிக முக்கியமான இடமாக இருந்தது.

போர் முடிந்தது. படைகள் போயின. ஓடுபாதை எஞ்சியது. அதை யார் பயன்படுத்துவது?

டக்கோட்டா வந்தது

விடையும் போரின் மிச்சமாகவே வந்தது. அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி வடிவமைத்த டி.சி.3 விமானம் 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. போர்க்காலத்தில் இதே விமானம் படைகளுக்காக ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. டக்கோட்டா என்ற பெயரில் உலகம் அதை அறிந்தது. போர் ஓய்ந்ததும் இவை மலிவு விலையில் விற்பனைக்கு வந்தன. உலகின் பல நாடுகளில் விமானக் கம்பெனிகள் தோன்றுவதற்கு இந்தப் பழைய டக்கோட்டாக்களே முதலாயின.

இலங்கையும் இதற்கு விலக்கன்று. அரசின் ஏர் சிலோன் நிறுவனம் மூன்று டக்கோட்டாக்களுடன் தொடங்கியது. அவற்றிற்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர் சூட்டினார்கள். 1947 டிசம்பர் 10ஆம் நாள் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. அது எங்கே சென்றது தெரியுமா? சென்னைக்கு, அதுவும் வழியில் காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிச் சென்றது. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த நிகழ்ச்சி இது. அந்நாட்டு விமானக் கம்பெனியின் முதற்பயணமே பலாலியைத் தொட்டுத்தான் நடந்தது.

டக்கோட்டாவில் இருபது முப்பது பேர் அமரலாம். வேகம் மணிக்கு முந்நூறு கி.மீ.க்குள். பெரிய விமானங்களின் பக்கத்தில் நிறுத்தினால் அது ஒரு மாட்டுவண்டிபோலத் தோன்றும். ஆனால் குறுகிய ஓடுபாதை அதற்குப் போதும். கரடுமுரடான தரையிலும் இறங்கும். பலாலிக்கு வேண்டியது அதுதானே!

1964இல் ஏர் சிலோனுக்கு ஆவ்ரோ 748 என்ற விமானம் வந்து சேர்ந்தது. டக்கோட்டாவின் இடத்தை நிரப்புவதற்கென்றே இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட விமானம் அது. இந்தியாவிலும் கான்பூரில் இவ்விமானம் கட்டப்பட்டது. டக்கோட்டாவில் இருந்தது மோட்டார் காரில் உள்ளதைப் போன்ற பிஸ்டன் இயந்திரம். ஆவ்ரோவிலோ, எரிவாயுச் சுழலியால் சுற்றும் விசிறி. வேகம் மணிக்கு நானூறு கி.மீ.யைத் தாண்டியது. சென்னையும் திருச்சியும் யாழ்ப்பாணத்துக்கு உண்மையிலேயே பக்கத்து ஊர்களாக இருந்த காலம் அது. அதே 1964ஆம் ஆண்டின் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் சேவை இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தது. கடல்வழி இடருற்றபோதும் வான்வழி ஒன்று இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வான்வழி அடைபட்டது

1978 செப்டம்பர் 7ஆம் நாள், இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் ஒன்று வெடிகுண்டினால் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் வரப்போகும் காலத்திற்கு அது ஓர் அறிகுறியாக அமைந்தது. 1979இல் ஏர் சிலோனின் இடத்தில் ஏர் லங்கா என்ற புதிய நிறுவனம் தோன்றியது. அதன் பெரிய ஜெட் விமானங்கள் கட்டுநாயக்காவிலிருந்து தொலைதூர நாடுகளுக்குப் பறந்தன. சிறிய பலாலிக்கு அவற்றில் இடமில்லை.

1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி மீண்டும் படைத்தளம் ஆயிற்று. 1990 ஜூனில் போர் மறுபடி கடுமையானபோது, பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் என்று ஊர் ஊராகக் காலியாயிற்று. செம்மண் தோட்டங்களும் வீடுகளும் கோயில்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. 1956 முதல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயிலும் 1990இல் வடக்கே வருவதை நிறுத்தியது.

1996க்குள் யாழ்ப்பாணக் குடாநாடு அரசப் படையின் கைக்கு வந்தது. ஆனால் அதைத் தெற்கோடு இணைக்கும் சாலை வன்னி வழியாகச் செல்வது. வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடம் இருந்தது. தரைவழி இல்லாதபோது மக்களுக்கு எஞ்சியவை கடலும் வானும்தான். சோவியத் நாட்டு அந்தோனோவ் 24 விமானங்களைக் கொண்டு தனியார் நிறுவனங்கள் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே சேவை நடத்தின. ஐம்பது பேர் அளவில் அமரக்கூடிய, இரட்டை விசிறி விமானம் அது.

1998 செப்டம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் அந்தோனோவ் விமானம் சில நிமிடங்களில் ராடாரிலிருந்து மறைந்தது. ஏவுகணையால் சுடப்பட்டு அது இரணைதீவை ஒட்டிய கடலில் விழுந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக 55 பேர் மாண்டனர். விமானத்தின் சிதைவுகள் 2012இல்தான் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்களுக்குத் திட்டமான விடை ஒன்றும் இல்லை. நாம் விமானங்களின் வகையையும் வேகத்தையும் பேசும்போது, அவற்றினுள் அமர்ந்திருந்தவர்களை மறந்துவிடலாகாது.

அந்த விபத்துக்குப்பின் பயணிகள் விமானங்கள் நின்றன. 2002இல் போர்நிறுத்தம் வந்ததும் மீண்டும் தொடங்கின. சாலையும் திறந்தது. 2006 ஆகஸ்டில் சாலை மறுபடி மூடப்பட்டது. 2009 மேயில் போர் முடிந்தது. 2014 அக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் பலாலியிலிருந்து வடக்கே, கடலைக் கடந்து, பயணிகள் விமானம் பறக்கவில்லை.

ஏன் விசிறி விமானம்?

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் விமானம் ஒன்று வந்து இறங்கியது. நவம்பர் 11இல் வழக்கமான சேவை ஆரம்பமாயிற்று. அந்த விமானம் ஏ.டி.ஆர். 72 வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சு, இத்தாலியக் கூட்டு முயற்சியில் உருவான இரட்டை விசிறி விமானம் அது. சுமார் 70 இருக்கைகள். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். டக்கோட்டா, ஆவ்ரோ, அந்தோனோவ், ஏ.டி.ஆர். என்று நான்கு தலைமுறை விமானங்கள் வந்தன. நான்குக்கும் இரண்டு இயந்திரம். நான்கும் விசிறியால் பறப்பவை. ஜெட் யுகத்திலும் ஏன் விசிறி?

முதற்காரணம் ஓடுபாதை. நீங்கள் பள்ளியில் படித்த இயக்கச் சமன்பாட்டை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே முடுக்கத்தில் ஓடும் பொருள், ஒரு வேகத்தை எட்டுவதற்குக் கடக்கும் தூரம் அவ்வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஏ.டி.ஆர். மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் தரையைவிட்டு எழும். 180 பேர் ஏறும் ஜெட் விமானம் சுமார் 270 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும். வேகம் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல்தான். ஆனால் 1.35ஐ 1.35ஆல் பெருக்கிப் பாருங்கள். 1.8 வருகிறது. முடுக்கம் ஒன்றே எனக் கொண்டால், ஓடுபாதை ஏறக்குறைய இருமடங்கு வேண்டும்! முழுச் சுமையுடன் ஏ.டி.ஆருக்கு 1,300 மீட்டர் அளவில் போதும்; அத்தகைய ஜெட்டுக்கு 2,000 மீட்டருக்கு மேல் தேவை.

வெப்பமும் ஒரு காரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 15 டிகிரி வெப்பநிலையில் உள்ள காற்றைவிட 35 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறைவு. அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். அதை ஈடுசெய்ய விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். இல்லையேல் சுமையைக் குறைக்க வேண்டும். குறுகிய ஓடுபாதையில், வெயில் நேரத்தில், பயணியின் பெட்டியைக்கூட நிறுத்துப் பார்த்து ஏற்றுவதன் பொருள் இதுதான்.

அடுத்தது எரிபொருள். காற்றைப் பின்னோக்கித் தள்ளித்தான் விமானம் முன்னோக்கிச் செல்கிறது. குறிப்பிட்ட அளவு உந்தத்தை இரண்டு வழியில் பெறலாம். சிறிதளவு காற்றை மிக வேகமாகத் தள்ளலாம். அல்லது பெருமளவு காற்றை மெதுவாகத் தள்ளலாம். காற்றின் நிறையை இருமடங்காக்கி வேகத்தைப் பாதியாக்கினால் உந்தம் மாறாது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஆற்றல் செலவு பாதியாகிவிடும். அகன்ற விசிறி செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். அதிவேகத்தில் விசிறிக்கு இந்த நன்மை கிட்டாது. எனினும் 355 கி.மீ. பயணத்தில் ஜெட் தன் முழு வேகத்தை எட்டி நிலைப்பதற்குள் இறங்கும் வேளை வந்துவிடும். மிச்சமாகும் நேரம் சில நிமிடங்களே, எரிபொருளோ அதிகம்.

எத்தனை பேர் வருவார்கள்?

ஓடுபாதைக் கணக்கு ஒன்று, ஆட்கணக்கு மற்றொன்று. ஒரு நாளைக்குச் சராசரியாக 60 பேர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வருவதாகக் கற்பனை செய்து கொள்வோம். 70 இருக்கை விமானத்தைத் தினமும் விடலாம். அது ஏறக்குறைய நிறைந்து செல்லும். 180 இருக்கை விமானம் என்றால் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் விடமுடியும். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் மூன்று நாள் காத்திருப்பாரா? அவர் கொழும்பு வழியாகவே போய்விடுவார். பயணிகள் குறைவார்கள். சேவையும் குறையும். சேவை குறைந்தால் பயணிகள் இன்னும் குறைவார்கள். சிறிய விமான நிலையங்கள் பல இந்தச் சுழலில் சிக்கித்தான் ஓய்ந்து போகின்றன. பெரிய விமானம் வருவது பெருமைதான். அடிக்கடி வருவதே பயன்.

சர்வதேச நிலையம் என்பதற்கு இன்னொரு தேவையும் உண்டு. குடியகல்வு, சுங்கம், சுகாதாரம் ஆகிய துறை அலுவலர்கள் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். ஒரு மேசையும் ஒரு முத்திரையும் இல்லையென்றால், எத்தனை நீள ஓடுபாதை இருந்தும் வெளிநாட்டு விமானம் இறங்க இயலாது.

புதிய சேவை நான்கு மாதம் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றினால் நின்றது. பின்னர் இலங்கையைப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. 2022 டிசம்பர் 12இல் அலையன்ஸ் ஏர் விமானம் வாரம் நான்கு முறையாக மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1இல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30இல் அதே நிறுவனம் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. நாம் முதலில் வரைந்த அந்த 185 கி.மீ. கோட்டின்மேல் மறுபடி ஒரு விமானம் பறந்தது. இதற்கிடையே 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் அதுவும் மீண்டும் புறப்பட்டது.

நீளவேண்டியது எது?

பலாலி ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானங்களை வரவழைக்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் யாழ்ப்பாணத்தவர் எண்ணிக்கையை நினைத்தால் அந்த விருப்பம் இயல்பானதே. ஆனால் ஓடுபாதை வெறும் காகிதத்தில் நீள்வதில்லை. நிலத்தில்தான் நீள வேண்டும். சுற்றிலும் இருப்பது 1990இல் மக்கள் விட்டுச் சென்ற அதே செம்மண் நிலம். போருக்குப்பின் அதில் ஒரு பகுதி சிறிது சிறிதாகத் திருப்பித் தரப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மீனவர்களிடம் திரும்பியது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பாட்டன் தோண்டிய கிணற்றைத் தேடி வந்து நிற்கிறது. அதே இடத்தில் இன்னும் சில நூறு மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்று பொறியாளர் கணக்குக் காட்டினால், எந்தக் கணக்கை முதலில் பார்ப்பது?

விஞ்ஞானம் இதற்கு நேரடியாக விடை சொல்லாது. ஆனால் அது ஒரு வழியைக் காட்டும். எழுபது இருக்கை விமானம் குறுகிய ஓடுபாதையிலேயே இறங்கும். குறைந்த எரிபொருளில் பறக்கும். தினமும் வந்து போனாலும் நிறையும். அக்கரையும் இக்கரையும் அண்டை ஊர்களாக இருப்பதற்கு அது போதும் என்பதை 1947ஆம் ஆண்டின் டக்கோட்டாவே காட்டிவிட்டது. தொலைதூர ஜெட்டுக்கு ஆசைப்படுவதற்கு முன், அருகிலுள்ள ஊருக்கு விமானம் நிற்காமல் ஓட வேண்டும். நாற்பது ஆண்டுகளாக இல்லாமற் போனது ஓடுபாதையன்று, நின்றுவிடாத சேவைதான்.

அளவுகோலை எடுத்து வையுங்கள். பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே 185 கி.மீ. அது நிலவியல் தந்த தூரம். அதைக் கடக்க ஒரு மணி நேரம் போதுமா, இரண்டு நாள் ஆகுமா என்பது மட்டும் மனிதர்கள் கையில் இருக்கிறது.